மடுவத்து மேட்டில் நின்ற பிக்கப்

கிளச் மிதி இல்லாத வண்டிகள் இப்போது ஒன்றிரண்டு மலைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. கியர் தானாகவே மாறும் வண்டிகள். அவற்றின் கியர்பெட்டி கெட்டுப்போனால் கொழும்புக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். நான் வேலை பார்த்த ஹட்டன் கராஜில் இப்போது இருப்பவர்களுக்கு அப்படி அனுப்ப மனமில்லை. போன மாதம் அவர்களில் இருவர் வீட்டுக்கு வந்து, வேறு கியர்பெட்டி பூட்டும்போது அதற்கு முன்னால் வரும் டோர்க் கன்வெர்ட்டரை எப்படித் தெரிவு செய்வது என்று கேட்டார்கள். நான் தேத்தண்ணி கொடுத்து, "அளவு பார்த்துப் பூட்டுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆட்கள் முன்னால் விளக்கிப் பேசுவது எனக்கு எப்போதும் வந்ததில்லை. அவர்கள் போன பிறகு சொன்னது போதாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு, பிறகு கொட்டகலையில் எட்டாவது வரை. தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலையில் சில காலம் இருந்தேன். சுதந்திரம் கிடைத்த வருஷம் ஹட்டன் கராஜில் சேர்ந்தேன். முதலில் கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவினேன். பிறகு பிரேக், பிறகு கிளச், பிறகு கியர்பெட்டி. கண் பார்வை மங்கியதால் ஐம்பதைத் தொட்டதும் வேலையை விட்டேன். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கராஜின் தலைமை மெக்கானிக் பியதாச பாஸ். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்து டிரைவர்களோடு பழகித் தமிழ் கற்றவர். மெலிந்த உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் சுத்தமான ஒரு வெள்ளைத் துணி இருக்கும். அதில் கை துடைக்க மாட்டார், எண்ணெயைத் தொட்டு அதில் ஒரு பொட்டு வைத்து நிறம் பார்ப்பார். வண்டியைக் கொண்டுவந்தவன் என்ன கோளாறு என்று எவ்வளவு சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது "பலமு" என்ற ஒரே சொல்தான். பார்ப்போம் என்று அர்த்தம். கோளாறு இன்னதென்று பிரித்துப் பார்க்கும் முன் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒரே வண்டி ஒரே கோளாறோடு திரும்பி வந்தால், அதைப் பிரிப்பதற்கு முன் ஒரு நாள் அதில் ஏறிப் போய் வருவார். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார். பின்னால் சாமான்களோடு உட்காருவார். பக்கத்தில் உட்கார்ந்தால் டிரைவர் நமக்காக ஓட்டுவான், பின்னால் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவான் என்பது அவருடைய கணக்கு.

நான் சொல்ல வந்த பிக்கப் ஓர் அமெரிக்க வண்டி. அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் வேலை முடிந்து போகும்போது ஏலத்தில் விட்டது. தலவாக்கலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தோட்டத்தின் துரை அதை வாங்கினார். ஸ்டியரிங் இடப்பக்கம். அதனால் டிரைவர் பள்ளத்தை நேரே பார்த்தபடி ஓட்ட வேண்டும். தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து தேயிலைக் கொழுந்துச் சாக்குகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவது அதன் வேலை. டிரைவர் பெயர் ராமையா.

ஒரு நாள் அந்தத் தோட்டத்துப் பழைய லொறி பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கராஜில் விட்டது. கியர்பெட்டி எரிந்திருந்தது. அதற்கு முந்திய மழைக்காலத்திலும் அதே கோளாறு. அப்போது உள்ளே தேய்ந்தவற்றை மாற்றிக் கொடுத்திருந்தோம். இந்த முறை மாற்ற எதுவும் மிஞ்சவில்லை.

ராமையா தலைத்துணியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"பாஸ், தொர சொல்லிப்புட்டாரு. இன்னொரு கியர் பொக்ஸ் வாங்கித் தர்றேன், அதுவும் எரிஞ்சா மம்முட்டிய எடுத்துக்கிட்டு மலைக்குப் போன்னு. டிரைவர் காம்பராவயும் விடணுமாம்."

தோட்டம் டிரைவருக்குக் கொடுத்திருந்த அந்தக் காம்பரா வீட்டில் அவனுடைய தாய் தகப்பனும் தம்பி குடும்பமும் கூட இருந்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் முன்பு இருந்த இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று.

"நீ எப்பிடி ஓட்டுறே?" என்று பாஸ் கேட்டார்.

"பதமாத்தாங்க ஓட்டுறேன். சாமி சத்தியமா. இவ்வளவு பதமா நான் எந்த வண்டியும் ஓட்டினதில்ல."

"பலமு" என்றார் பாஸ்.

கன்வெர்ட்டரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரண வண்டியில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் கிளச் தட்டு சேர்க்கிறது. கிளச் இல்லாத வண்டியில் அந்த இடத்தில் மூடிய ஓர் இரும்புச் சட்டி இருக்கிறது. சட்டிக்குள் எண்ணெய். எண்ணெய்க்குள் எதிரும் புதிருமாக இரண்டு விசிறிகள். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது, அது எண்ணெயை எறிகிறது, எறிந்த எண்ணெய் மற்ற விசிறியைச் சுற்றுகிறது. நடுவில் உள்ள ஒரு சிறு சக்கரம் திரும்பி வரும் எண்ணெயைச் சரியான பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால் மெதுவாகப் போகும்போது இழுவை கூடுகிறது. கராஜில் நாங்கள் அதைச் சட்டி என்றே சொல்வோம்.

பழைய சட்டியைப் பாஸ் மேசையில் வைத்துப் பிரித்தார். எண்ணெயை விரலில் தொட்டு வெள்ளைத் துணியில் பொட்டு வைத்தார். சிவப்பாக இருக்க வேண்டியது கறுப்பாக இருந்தது. அடிப்பிடித்த வெல்லப்பாகு போல ஒரு வாசனை. விசிறி இதழ்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. மேடு ஏறிய சூட்டில் இப்படி ஆகுமா என்று நான் கேட்டேன். ஏறும்போது காற்றும் படும், வண்டியும் நகரும், இவ்வளவு நீலம் வராது என்றார்.

கராஜ் முதலாளி காசிம் நானா கொழும்புக்குப் போய், பழைய வண்டிச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு கியர்பெட்டி வாங்கி வந்தார். ஒரு காரிலிருந்து கழற்றியது. அதோடு அந்தக் காரின் சட்டியும் வந்தது. கடைக்காரர், பெரிய எஞ்சின் வண்டியின் சட்டி ஒன்றையும் கொடுத்து, வேண்டாததைத் திருப்பி அனுப்பும்படி சொல்லியிருந்தார். இரண்டின் கழுத்தும் ஒரே அளவு. போல்ட் துளைகளும் ஒத்து வந்தன. ஒன்று மற்றதைவிட விரல்கடை அகலம் கூடியது. அவ்வளவுதான் வெளியில் தெரிந்த வித்தியாசம்.

ஆனால் அந்த விரல்கடையில்தான் எல்லாம் இருந்தது. சிறிய சட்டிக்குத் தளர்ந்த பிடி. எஞ்சின் நன்றாகச் சுற்றிய பிறகே வண்டியைத் தள்ளும், ஆனால் தள்ளும்போது பலமாகத் தள்ளும். பெரிய சட்டிக்கு இறுக்கமான பிடி. எஞ்சின் கொஞ்சம் சுற்றினாலே வண்டி நகரும், ஆனால் செங்குத்தான மேட்டில் புறப்படும்போது எஞ்சின் திணறும்.

"மலைக்கு இழுவதான வேணும் பாஸ்? சின்னதப் போடுங்க. அதுதான் இந்தப் பெட்டியோட சோடி" என்றார் காசிம் நானா.

பாஸும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அவர் பூட்டத் தொடங்கவில்லை. பழைய சட்டியின் நீலம் பாய்ந்த இதழ்களை ஒரு நாள் முழுவதும் மேசையிலேயே வைத்திருந்தார். அடுத்த நாள் காலை என்னைக் கூப்பிட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி, என்னை அவர் அப்படித்தான் அழைப்பார்.

"சந்தனம் மல்லி, எனக்கு முழங்கால் வீங்கியிருக்கு. நீ போ. ராமையா இப்ப பழைய லொறி ஓட்டுறான். அதே ரோட்டுதான், அதே கொழுந்துதான். பின்னால ஏறிப் போய்ப் பாரு."

"என்னத்தப் பாக்கணும் பாஸ்?"

"வண்டி ஓடுறது பாக்க வேணாம். நிக்கிறது பாரு." பிறகு, "நீ பேச மாட்டே. அது நல்லது" என்றார்.

மேல் பிரிவுக்குப் போகும் ரோடு கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. மேலே ஒரு வளைவுக்குச் சற்று அப்பால் கொழுந்து மடுவம். கூரையும் நாலு தூணும் ஒரு தராசும். பெண்கள் கொய்த கொழுந்தை அங்கே எடை நிறுத்துச் சாக்கில் கட்டுவார்கள். மடுவத்துக்கு முன்னால் சமதரை இல்லை. லொறி ஏற்றத்தில்தான் நிற்க வேண்டும், பின்பக்கம் மடுவத்தைப் பார்த்தபடி. அந்தப் பிரிவில் ஆண்கள் செடி வெட்டும் கவ்வாத்துக்கும், மண்ணைக் கிளறி முள்ளுக் குத்தவும் போய்விடுவதால் சாக்கு ஏற்றுவது பெண்கள்தான். அவர்களுக்கு முன்னால் நிற்பவள் பேச்சாயி. ஐம்பதுக்குக் கிட்ட வயது, அகலமான தோள்.

ராமையா லொறியை நிறுத்தினான். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் சாக்கைத் தொடவில்லை.

"என்னா ராமையா, ஒன் வண்டி தூங்குதா?" என்று பேச்சாயி கேட்டாள்.

"இல்லக்கா, முழிச்சுத்தான் இருக்கு."

"அப்ப உறும விடு. சும்மா நம்பிக்கிட்டுக் கிட்ட வர்றதுக்கு நாங்க என்னா புதுசா கல்யாணம் கட்டின பொண்ணுங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ராமையா ஆக்சிலேட்டரை மிதித்தான். எஞ்சின் உறுமத் தொடங்கியதும் அவர்கள் சாக்கோடு வந்தார்கள். அப்போதுதான் பேச்சாயி என்னைப் பார்த்தாள்.

"இது யாரு, சாக்கு மேல மாப்பிள்ள கணக்கா ஒக்காந்திருக்கிறது?"

"கராஜிலேர்ந்து வந்திருக்காங்கக்கா" என்றான் ராமையா.

"வாய் இருக்கா? இல்ல, அதையும் கழட்டிக் கராஜில வச்சிட்டு வந்துட்டாரா?"

இறங்கி ஒரு சாக்குக்குக் கை கொடுத்தேன். அப்போது பின் சக்கரத்தைப் பார்த்தேன். அது ஒரு விரல் அளவு முன்னே போவதும் பின்னே வருவதுமாகத் தொட்டில் போல ஆடியது. பிரேக் போட்டிருக்கவில்லை. ராமையா அரைக் கிளச்சில், எஞ்சினை உறும விட்டு, அந்தப் பலத்திலேயே லொறியை மேட்டில் பிடித்து வைத்திருந்தான். கிளச் கருகும் வாசனை வந்தது. கடைசிச் சாக்கு ஏறும் வரை உறுமல் குறையவில்லை. ஒரு தடவை சற்றுத் தணிந்தபோது பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் பின்வாங்கினார்கள். ராமையா மறுபடி மிதித்த பிறகுதான் வந்தார்கள்.

திரும்பி வரும்போது, நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இப்படித்தாங்க. நான் வர்றதுக்கு முந்தியே உள்ள பழக்கம். அந்த மடுவத்தில ஒரு தடவ லொறி பின்னால உருண்டிருச்சு. எஞ்சின் நின்னுக்கிட்டு இருந்துச்சு, கை பிரேக் போட்டிருந்துச்சு. பேச்சாயி அக்காவோட தங்கச்சி தூணுக்கும் லொறிக்கும் நடுவில மாட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் எஞ்சின் உறுமினாத்தான் டிரைவர் வண்டியப் புடிச்சிருக்கான்னு அவங்களுக்கு நம்பிக்க. உறுமாட்டி ஏத்த மாட்டாங்க. தொரயே வந்து சொன்னாலும் ஏத்த மாட்டாங்க."

"பிக்கப்பிலயும் இப்படித்தான் நிப்பாட்டுவியா?"

அவன் முகம் மலர்ந்தது. "அதுல ரொம்ப லேசுங்க. கிளச்சே இல்லையே. ஆக்சிலேட்டர மட்டும் கொஞ்சம் அமுக்கிப் புடிச்சா மேட்டில பூ மாதிரி நிக்கும். ஆட்டம் இல்ல, வாசம் இல்ல. எவ்வளவு நேரம்னாலும் நிக்கும். அதனாலதான் அந்த வண்டி எனக்கு உசுரு."

நீலம் பாய்ந்த இதழ்கள் கண் முன்னால் வந்தன. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் சுற்றினால், அந்தச் சுற்றெல்லாம் எண்ணெயில் சூடாகத்தான் இறங்கும். போவதற்கு வேறு வழி இல்லை. ஒவ்வொரு நிறுவைக்கும், சாக்கு ஏற்றி முடியும் வரை, அவன் பதமாக நினைத்துக்கொண்டு அந்தச் சட்டியை அடுப்பில் வைத்திருக்கிறான்.

பாஸ் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு இரண்டு சட்டிகளையும் சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அகலத்தை மறுபடி அளந்தார். கழுத்துக்குள் விரல் விட்டு நடுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மறுபக்கம் சுற்றாமல் நிற்க வேண்டும். இரண்டும் அப்படியே இருந்தன.

"சின்னது போட்டா, மேட்டில புடிச்சு நிக்க எஞ்சின் நிறையச் சுத்தணும். நிறையச் சுத்தினா நிறையச் சூடு. பெரிசு கொஞ்சம் சுத்தினாலே புடிக்கும். சூடு கம்மி. பொறப்படுறப்ப எஞ்சின் மொனகும், மொனகட்டும்." பெரிய சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா எந்தச் சட்டியும் நிக்கிறதுக்கு இல்ல மல்லி. போறதுக்கு. அவன் இப்பிடியே நின்னா இதுவும் எரியும். கொஞ்சம் பிந்தி எரியும்."

துரைக்கு என்ன சொல்வது என்று காசிம் நானா கேட்டார். டிரைவர் வண்டியை இப்படிப் பிடித்து நின்றான் என்று சொன்னால் அன்றைக்கே ராமையாவின் வேலை போகும். பாஸ் யோசித்தார். "என்ன பூட்டினோம்னு சொல்லுவோம். தொர கேட்டா நான் போய்ப் பேசுறேன்" என்றார். துரை கேட்கவில்லை.

பெரிய சட்டியைப் பூட்டினோம். கேட்க வந்தவர்களுக்காக இந்த இடத்தை விளக்கமாகச் சொல்கிறேன். வெறும் சட்டியைப் பூட்டக்கூடாது, முதலில் உள்ளே எண்ணெய் ஊற்ற வேண்டும். பிறகு கியர்பெட்டியின் தண்டில் சட்டியை ஏற்றி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். அது மூன்று தடவை உள்ளே விழும். ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்று ஒரு சத்தம். மூன்றாவது, எண்ணெய் பம்பின் பல்லில் உட்காரும் சத்தம். இரண்டு சத்தத்தோடு நிறுத்திவிட்டு மூடியைப் போல்ட் போட்டு இழுத்தால், போல்ட் இறுகும், பம்ப் உடையும். எஞ்சினை முடுக்கும் வரை அது தெரியாது. பாஸ் கண்ணை மூடிக்கொண்டு சட்டியைச் சுற்றினார். கராஜில் ஒருவரையும் சுத்தியல் தட்ட விடவில்லை. மூன்றாவது சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தார். அப்போதும் நம்பாமல் இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து ஆழத்தை அளந்தார்.

கை பிரேக்கின் கம்பியையும் பட்டையையும் புதிதாகப் போட்டோம். வண்டியைக் கொடுக்கும் நாளில் பாஸ் ராமையாவை அழைத்தார்.

"மடுவத்தில நிக்கிறப்ப கை பிரேக் போடு. ஆக்சிலேட்டர்ல கால் வேணாம். புரியுதா?"

"புரியுதுங்க பாஸ். ஆனா அவங்க ஏத்த மாட்டாங்க."

"பலமு" என்றார் பாஸ். அன்றைக்கு அவரும் நானும் பிக்கப்பின் பின்னால் ஏறிக்கொண்டோம்.

ஏற்றத்தில் எஞ்சின் முனகத்தான் செய்தது. ஆனால் ஏறியது. பகல் நிறுவை முடிந்து சாக்குகள் கட்டித் தயாராக இருந்தன. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ராமையா சொன்னபடி கை பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தான். எஞ்சின் பூனை போல மெதுவாகக் குறுகுறுத்தது.

பேச்சாயி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னா, அமெரிக்காக்காரன் ஊமையாயிட்டானா?"

"பிரேக் போட்டிருக்குக்கா. புதுப் பிரேக்."

"அன்னைக்கும் பிரேக் போட்டுத்தான் இருந்துச்சு."

தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை, "சாக்குக்குள்ள கொழுந்து சூடேறுது. பெக்டரியில ஏன் லேட்டுன்னு கேட்டா நான் டிரைவரத்தான் சொல்லுவேன்" என்றார். கட்டிய சாக்கில் கொழுந்து அதிக நேரம் கிடந்தால் சிவந்து கெட்டுப்போகும். பெண்கள் அசையவில்லை.

ராமையா தலையை வெளியே நீட்டி என்னிடம் மெதுவாகப் பேசினான்.

"அண்ணே, நியூட்ரல்ல போட்டு உறும விடட்டுமா? சத்தம் வரும், சட்டி சூடாகாது. பிரேக்தான் புடிச்சிருக்குமே. அவங்களுக்கு என்னா தெரியும்?"

எனக்கு அது சரியென்றே பட்டது. சட்டிக்குச் சேதம் இல்லை, கொழுந்து நேரத்துக்குப் போகும், அவன் வேலையும் தங்கும். நான் பாஸைப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நொண்டிக்கொண்டே இறங்கி முன்னால் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றுவிட்டது. பெண்கள் மடுவத்துக்குள் ஒதுங்கினார்கள்.

"பொய்ச் சத்தம் வேணாம்" என்றார்.

"பாஸ், என் வேல போயிருங்க."

"தெரியும்."

அவர் பின்பக்கம் வந்து பேச்சாயிக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, எது புடிச்சா நீ நம்புவே?"

அவள் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அன்னைக்குக் கிளீனர் கல்லு வச்சிட்டேன்னு சத்தம் போட்டான். வச்சானா இல்லையா, யாரு கண்டா? நாங்க பின்னால நின்னோம்." பிறகு சொன்னாள்: "வச்சா நான்தான் வைக்கணும்."

"ஹரி, சரி. வை" என்றார் பாஸ்.

பேச்சாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டோரம் போனாள். உருண்டைக் கற்களைக் காலால் ஒதுக்கினாள். தட்டையான ஒன்றை ஈரப் புல்லில் வைத்து மிதித்துத் தள்ளிப் பார்த்தாள், அது வழுக்கியது, அதையும் விட்டாள். மண் வெட்டிய சரிவில் ஏறி, ஒரு பக்கம் உடைந்து கூராக இருந்த கல்லை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்த சேற்றைக் கையால் வழித்தாள். சரளை தெரிந்த பிறகு கல்லை வைத்து முட்டுக் கொடுத்தாள். நான் உதவிக்குப் போனேன்.

"தள்ளி நில்லு மாப்பிள்ள."

மற்றச் சக்கரத்துக்கும் ஒன்று தேடி வைத்தாள். எழுந்து, ராமையாவைப் பார்த்து, "இப்ப பிரேக்க எடு" என்றாள்.

ராமையா பாஸைப் பார்த்தான்.

"என்னயப் பாக்காத. அக்கா சொல்லுது."

அவன் பிரேக்கை விட்டான். பிக்கப் பின்னால் சரிந்தது. டயர் கல்லைக் கடித்தது. வண்டி முழுவதும் ஒரு தடவை குலுங்கி நின்றது. பேச்சாயி பின்கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தன் பாரம் முழுவதையும் போட்டுக் கீழ்நோக்கி இழுத்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள்.

"இப்ப பிரேக்கப் போடு. ஏத்துங்கடி" என்றாள். முதல் சாக்கை அவளே தூக்கினாள். தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று தூக்கினாள்.

சாக்குகள் விழும் சத்தமும் தராசுச் சங்கிலியின் சத்தமும் கீழே ஓடையின் சத்தமும் கேட்டன. போன தடவை அங்கே ஓடை இருப்பதே எனக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளை கூட மெதுவாகத்தான் பேசினார். தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்ததும் பாஸ் குனிந்து சட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. என் கையையும் பிடித்து அதில் வைத்தார்.

மறுவாரம் பாஸ் யூக்கலிப்டஸ் மரத்தில் இரண்டு ஆப்புக் கட்டைகள் செதுக்கி, அடியில் பழைய டயர் துண்டு அடித்து, கயிறு கட்டி அனுப்பினார். வண்டியோடு வைத்துக்கொள்ளத்தான் அனுப்பினார். பேச்சாயி அவற்றை வண்டியில் விடவில்லை. சாயங்காலம் தன் லயத்துக்குக் கொண்டுபோய்விடுவாள். காலையில் தலையில் வைத்துக்கொண்டு மடுவத்துக்கு வருவாள். வண்டி வந்ததும் கட்டை வைப்பது, பிரேக்கை எடுக்கச் சொல்வது, இழுத்துப் பார்ப்பது, பிரேக்கைப் போடச் சொல்வது என்று நிறுவைக்கு நிறுவை அதே ஒழுங்குதான். ஒரு நாள் துரை அந்தப் பக்கம் வந்து, எஞ்சின் ஏன் நிற்கிறது என்று ராமையாவைக் கேட்டாராம். "பேச்சாயி ஓட விடாதுங்க தொர" என்றானாம். துரை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு மற்றப் பிரிவு மடுவங்களுக்கும் கட்டை கேட்டு ஆள் வந்தது.

அந்தச் சட்டியை நான் கராஜை விடும் வரை மறுபடி திறக்க நேரவில்லை. ராமையா இன்னும் அதே காம்பராவில் இருக்கிறான்.

ஆகவே கேட்க வந்தவர்களுக்கு என் பதில்: கழுத்தையும் துளையையும் அகலத்தையும் அளவு பாருங்கள், நடுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், மூன்று சத்தத்தையும் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை பின்னால் ஏறிப் போய், அந்த வண்டி எங்கே நிற்கிறது, அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பேச்சாயிக்கு வயது முடிந்ததால் போன வருஷம் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டினார்கள். கடைசி நாள் நிறுவை முடிந்ததும் அவள் கட்டைகளைச் சக்கரத்திலிருந்து எடுத்தாள் என்றும், தன்னிடம்தான் தருவாள் என்று நினைத்துக் கை நீட்டியதாகவும் ராமையா சொன்னான். அவள் அவனைத் தாண்டிப் போய், சாக்கு ஏற்றுகிறவர்களில் இளையவளாக இருந்த ஒருத்தியின் தலையில் கட்டைகளை வைத்தாளாம்.

"பிரேக்க எடுக்கச் சொல்லிப் பாரு. அப்புறம் ஏத்து" என்றாளாம்.